குட்டி யானையில் போன நாய்

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மாட்டாஸ்பத்திரி. வாசலில் கால்நடை மருத்துவமனை என்று பலகை இருக்கிறது, ஆனால் அப்படிச் சொல்லி யாரும் நான் கேட்டதில்லை. ஊர் பெயர் வேண்டாம், கரிசல் காட்டில் ஒரு சின்ன டவுன், தெருவுக்கு நாலு பேராவது சொந்தக்காரர்கள். நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன், மாதம் ₹13,500. வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், வேலை இருக்கிற மாதம் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாய்க்கு வைத்தியம் பார்ப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் பணத்தைப் பற்றிப் பேசாமலே முடித்துவிடுகிறார்கள். படித்து முடித்த பிறகு நமக்கு இருக்கும் ஒரே கேள்வி, சரி, எவ்வளவு ஆச்சு?

எங்கள் நாய் சிட்டு பாதி சிப்பிப்பாறை என்கிற வேட்டை நாய் இனம், பாதி எங்கள் தெரு. ஒட்டிய வயிறு, நீளக் கால், ஓடினால் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் வளர்ப்பவர்கள் நிறைய, முயல் விரட்டிய காலத்துப் பெருமை இன்னும் டீக்கடையில் ஓடுகிறது. ஆனால் அந்தப் பெருமைக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமே கிடையாது. 'நாட்டு நாய்க்கு என்ன ஊசி, அது தானா வளரும்' என்பார்கள். சிட்டுவுக்கு முன்னால் ஒரு குட்டி இருந்தது. மூன்று மாசம்கூட ஆகவில்லை, ஒரு நாள் வாந்தி, மறுநாள் ரத்தமாகப் பேதி. அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தார், நான் தயிர்ச் சாதம் கரைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்து, 'பார்வோம்மா, ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா' என்றார். அந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லையாம், டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தானே போராடி ஜெயிக்கிற வரைக்கும் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியமாம். எங்கள் குட்டிக்கு அதற்கு நேரமில்லை. வீட்டை எதைப் போட்டுக் கழுவ என்று கேட்டதற்கு, பினாயிலை நம்பாதே, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்று, அப்படியும் மாசக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும், அடுத்த குட்டி வாங்குவதானால் ஊசி முழுசாகப் போட்டு முடித்த பிறகு கொண்டுவா என்றார்.

அதனால் சிட்டுவுக்கு ஊசி விஷயத்தில் நான் ராணுவம் மாதிரி. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று என்று நாலு மாசம் வரை, மூன்று மாசம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் வருஷா வருஷம். ஒரே ஊசி போட்டால் போதாதா என்று நானும் கேட்டேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கிற வரைக்கும் ஊசியை வேலை செய்ய விடாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு, அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுவது என்றார். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தேன். கருத்தடை மட்டும் செய்யவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அத்தை ஒரே பிடிவாதம். 'பொட்டப் புள்ள, ஒரு தடவையாவது குட்டி போடட்டும், இல்லாட்டி பாவம்.' சிட்டுவுக்கு வயது இரண்டானது, மூன்றானது, கார்த்திகை மார்கழி வந்தால் தெரு நாய்கள் எல்லாம் எங்கள் வாசலில் மாநாடு போடும், நான் கதவைச் சாத்தி வைப்பேன், அத்தை கம்பு எடுத்துக்கொண்டு விரட்டுவார், ஆக குட்டியும் போடவிடவில்லை, ஆப்பரேஷனும் செய்யவில்லை. இப்படியே ஆறு வயது ஓடிவிட்டது.

போன வருஷம் மாசி மாதக் கடைசியில் சிட்டு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். குடிக்க ஆரம்பித்தாள் என்றால் சும்மா இல்லை, மாட்டுத் தொட்டியில் வாயை வைத்தால் எடுக்க மாட்டாள். வெயில் ஏறுகிறது, அதான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாப்பாடு வேண்டாம் என்றாள், சனிக்கிழமை மஞ்சளாக வாந்தி, ஞாயிற்றுக்கிழமை வயிறு கொஞ்சம் உப்பி, பின்னங்கால் நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்கே ஒரு ராசி இருக்கிறது, எங்கள் ஊரில் எந்த ஜீவனுக்கு ஆபத்து வந்தாலும் அன்றைக்குத்தான் வரும். 1962 என்று கால்நடை ஆம்புலன்ஸ் எண் ஒன்று இருப்பது தெரியும், ஆனால் அந்த வண்டி முக்கியமாகக் கிராமத்து ஆடு மாட்டுக்காக ஓடுவது, நாய்க்குக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் எவ்வளவு விலை என்பது பின்னால் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாட்டாஸ்பத்திரி. எனக்கு முன்னால் வயிறு உப்பிய வெள்ளாடு ஒன்று, சினை ஊசிக்கு வந்த கறவை மாடு ஒன்று, துண்டில் சுற்றிய சேவல் ஒன்று. சேவல்காரர் சிட்டுவைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார், சிட்டுவுக்குச் சேவலைப் பார்க்கக்கூடத் தெம்பு இல்லை, அதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

டாக்டரம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ஆஸ்பத்திரி, பிறகு சுற்றுவட்டாரக் கிராமங்கள், கோமாரி ஊசி, கன்று ஈனக் கஷ்டப்படுகிற மாடு. நாய் பூனை என்பது அந்த வேலையில் ஓர் ஓரம். அங்கே ஸ்கேன் மெஷின் இல்லை, மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறக்கிற வசதியும் இல்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியே போதும், 'இவ பருவத்துக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?' நான் விரல் விட்டு எண்ணினேன், ஒன்றரை மாசம் இருக்கும். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

கருப்பையில் சீழ். பையோமெட்ரா என்று சொன்னார். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாசத்தில் வருவது. ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும், சினையானாலும் ஆகாவிட்டாலும், உடம்பு குட்டிக்கு இடம் தயார் செய்கிற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்குமாம், கருப்பை தடித்து ஊறி, உள்ளே நுழைந்த கிருமிக்கு நல்ல மெத்தை போட்டு வைக்குமாம். கருப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே ஒழுகும், பார்த்தவுடன் தெரியும். மூடியிருந்தால் உள்ளேயே சேரும், அதுதான் மோசம், சிட்டுவுக்கு அதுதான். தண்ணீர் ஏன் அப்படிக் குடித்தாள் என்றால், கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் செய்கிறது, போகிற நீரை ஈடுகட்டத்தான் அந்தத் தாகம். நான் வெயில் என்று நினைத்துக்கொண்டு தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்து ஊதா மூடிக் குழாயில் கொடுத்து, பஜாரில் இருக்கிற லேபில் கவுண்ட் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார், நாயோட ரத்தம் என்று சொல்லிக் கொடு என்றும் சொன்னார். சொன்னால் வாங்க மாட்டானோ என்று நான் சொல்லவில்லை. லேப் தம்பி பேனாவை எடுத்துக்கொண்டு, 'பேஷண்ட் பேரு, அக்கா?' 'சிட்டு.' 'வயசு?' 'ஆறு.' 'பாப்பாவா, பையனா?' 'பாப்பா.' பேபி சிட்டு, 6, பெண் என்று எழுதி வாங்கிக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் அவனே போன் செய்தான், குரலே மாறிவிட்டது. 'அக்கா, வெள்ளை அணு நாற்பத்தெட்டாயிரம் காட்டுது, பாப்பாவை உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் அட்மிட் பண்ணுங்க, லேட் பண்ணாதீங்க.' பாவம், அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். நாய்க்குப் பதினேழாயிரம் வரைகூட இயல்புதான், ஆனால் நாற்பத்தெட்டு நாய்க்கும் அதிகம்தான். மனுஷ ரத்தத்துக்கு வைத்த மெஷின், துல்லியமாக இருக்காது, ஆனால் சங்கதி விளங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. அப்புறம் 'சொல்லாமலா கொடுத்தே?' என்று ஒரு முறை முறைத்தார்.

மாத்திரையில் தீராது, கருப்பையை எடுத்தாக வேண்டும், அதுவும் நாளைக்குள். இரண்டு வழி. ஒன்று, தனியார் நாய் ஆஸ்பத்திரி. பெரிய ஊரில் ஒரு இடத்துக்குப் போன் செய்தேன், மரியாதையாகப் பேசினார்கள், ₹35,000 ஆகும், வரும்போது பாதி கட்ட வேண்டும் என்றார்கள். போனை வைத்துவிட்டுத் திட்டினேன். இப்போது யோசித்தால் முழுக்கத் திட்டவும் தோன்றவில்லை. மயக்க மருந்து மெஷின், ஸ்கேன், ராத்திரி விழித்திருக்க ஆள், கட்டட வாடகை எல்லாம் அவர்கள் கைக்காசு, மனுஷனுக்கு இருப்பதுபோல் அரசு காப்பீட்டு அட்டையும் நாய்க்குக் கிடையாது. ஆனால் என் இரண்டரை மாதச் சம்பளம் என்பதும் உண்மை. கோபப்பட ஆள் இல்லாத கோபம் ரொம்பச் சிரமமானது.

இரண்டாவது வழி, கல்லூரி. எங்களைப் போன்றவர்கள் பலருக்குத் தெரியாதது இதுதான். கால்நடை மருத்துவக் கல்லூரி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கும், ஏனென்றால் படிக்கிற பிள்ளைகளுக்கு நோயாளி வேண்டும். சென்னையில் 1903-ல் தொடங்கிய பழைய கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, நாமக்கல்லில் ஒன்று, ஒரத்தநாட்டில் ஒன்று, சேலம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை என்று இப்போது பரவியிருக்கிறது. எங்களுக்குப் பக்கம் திருநெல்வேலி ராமையன்பட்டி, 2012-ல் வந்தது. இவ்வளவு வருஷமாக ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறது, அந்த ரோட்டில் எத்தனையோ முறை கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், தெரியாது.

தெரிந்தாலும் எப்படிப் போவது? பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். கார்க்காரர் இரண்டு பேரிடம் கேட்டேன், ஒருவர் சீட் கவர் புதுசு என்றார், இன்னொருவர் வாடகையை இரண்டு மடங்காகச் சொன்னார், வேண்டாம் என்பதைக் காசாகச் சொல்வது. கடைசியில் பட்டறைக்குக் கம்பி கொண்டுவருகிற குட்டி யானைக்கார அண்ணாச்சி வந்தார். தெரியாதவர்களுக்கு, குட்டி யானை என்றால் டாடா ஏஸ், சின்ன லோடு வண்டி. பின்னால் பழைய மெத்தை போட்டு, தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டி, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் வீட்டுக்காரர், நடுவில் சிட்டு, காலை நாலரைக்குக் கிளம்பினோம். அண்ணாச்சி ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஊர்ந்து ஏற்றி இறக்கினார். கம்பி ஏற்றி வரும்போது அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

அங்கே வரிசை இருக்கிறது, காத்திருக்கத்தான் வேண்டும், ஒரே நோயாளியைப் பத்துப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள், அது பிடிக்காதவர்கள் போக வேண்டாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஸ்கேனில் கறுப்பாக, குழாய் குழாயாக உள்ளே நிறைந்திருந்ததை ஒரு பேராசிரியர் பிள்ளைகளுக்குக் காட்டினார், நானும் பின்னால் நின்று பாடம் கேட்டேன். உடம்பில் கொழுப்பே இல்லாத வேட்டை நாய் வகைகளுக்கு மயக்க மருந்தை ரொம்பப் பார்த்துக் கொடுக்க வேண்டும், சில மருந்து சட்டென்று இறங்காமல் உடம்பிலேயே நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். பதினேழு கிலோ நாய்க்குள் ஒன்றரைக் கிலோ சீழ்ப் பை. வீட்டுக்காரர் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார், வெல்டிங் பொறி கண்ணில் விழுந்தாலும் துடைத்துக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷன்.

சரி, எவ்வளவு ஆச்சு? சீட்டுக்காசும் ஸ்கேனும் ஆப்பரேஷன் கட்டணமும் சேர்ந்ததே கொஞ்சம்தான். வெளியில் வாங்கிய மருந்து, தையல் நூல், டிரிப், கையுறை எல்லாம் அதைவிட அதிகம். குட்டி யானை இரண்டு முறை, போக ஒரு தடவை, பத்தாம் நாள் தையல் பிரிக்க ஒரு தடவை. லேப், சாப்பாடு, அண்ணாச்சிக்குப் பரோட்டா வரைக்கும் கணக்கெழுதி வைத்திருக்கிறேன், தொழில் புத்தி. மொத்தம் ₹9,340. அதில் வண்டிக்கு மட்டும் ₹3,600. செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்தியம் இருக்கிற இடத்துக்குப் போகத்தான். எனக்கு நான்கு நாள் சம்பளம் பிடித்தார்கள், அதை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வயிறு எரியும்.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் புனல் கடையில் அறுநூறு சொன்னார்கள். வீட்டுக்காரர் காலிப் பெயிண்ட் வாளி ஒன்றின் அடியை அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, சைக்கிள் டியூப் ஒட்டி மாட்டிவிட்டார். பத்து நாள் சிட்டு சுவரில் எல்லாம் இடித்துக்கொண்டு, பெயிண்ட் கம்பெனி விளம்பரம் மாதிரித் திரிந்தாள்.

மருந்து வாங்குவதிலும் ஒன்று கற்றேன். நாய்க்கு எழுதுகிற ஆன்டிபயாட்டிக் பலவும் மனுஷ மருந்துதான், அளவு மட்டும் எடையைப் பார்த்துப் போடுவது. பிராண்டுப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ விலை நன்றாகக் குறைகிறது. ஆனால் தயவுசெய்து, மனுஷ மருந்துதானே என்று நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எதிர்வீட்டு அக்கா காய்ச்சல் அடித்த பூனைக்குப் பாரசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்தார், நல்ல எண்ணத்தில்தான். பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றத் தெரியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, பொழுது விடிவதற்குள் போய்விட்டது. அந்த அக்கா அதற்குப் பிறகு பூனை வளர்க்கவில்லை. அவரிடம் நான் காரணத்தை இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துவிடும், படிக்க மாட்டார் என்ற தைரியம்.

இன்ஷூரன்ஸ் விசாரித்தேன், நாய்க்கு இருக்கிறது, ஆனால் வயசு, ஏற்கெனவே இருந்த நோய் என்று கேட்டுக்கொண்டே போனார்கள், சீழ்ப் பை எடுத்த ஆறு வயதுக்காரியைச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அதனால் போஸ்ட் ஆபீஸில் சிட்டு கணக்கு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற ஒரு ஆர்.டி., மாதம் ₹300. ஐந்து வருஷம் ஆகும் முடிய, ஆனால் ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் கட்டியதில் பாதி வரை கடனாக எடுக்கலாம் என்று போஸ்ட் மாஸ்டர் சொன்னார். இது பெரிய தொகை இல்லை என்று எனக்கும் தெரியும். குட்டி யானை வாடகைக்கு ஆகும். அது போதும், ஏனென்றால் அன்றைக்கு நான் அலைந்தது ஆப்பரேஷன் காசுக்காக இல்லை, வண்டிக்காக.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. டாக்டரம்மா எண், கல்லூரி ஆஸ்பத்திரி எண், 1962, அண்ணாச்சி எண். ஜூலை 6 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். லூயி பாஸ்டர் உருவாக்கிய வெறிநாய்க்கடி ஊசியை 1885-ல் அந்த நாளில்தான் ஒரு பையனுக்குப் போட ஆரம்பித்தார்கள், அதை ஒட்டி அந்தச் சமயத்தில் அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளில் வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுவார்கள். போன ஜூலையில் சிட்டுவோடு தெரு நாய் மூன்றையும் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு கயிறு, ஒரு நான், வழியெல்லாம் சிரிப்பு.

லேப் தம்பி கதை தனி. ஒரு மாதம் கழித்து பஜாரில் பார்த்து, 'அக்கா, பாப்பா எப்படி இருக்கு?' என்றான், அவ்வளவு கவலையாக. இதற்கு மேல் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'அன்னைக்கு நைட் நான் எங்க மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேன் தெரியுமா' என்றான். வேண்டுதலை நான்தான் கடைசியில் நிறைவேற்றினேன், இரண்டு தேங்காய், அதுவும் கணக்கில் இருக்கிறது.

போன வாரம் பக்கத்துத் தெரு மைனி பெண் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் காட்ட வந்தார். நான் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். 'ஆறு மாசம் ஆனதும் ஆப்பரேஷன் பண்ணிடு ஆத்தா,' அத்தையின் குரல் திண்ணையிலிருந்து கேட்டது, 'எங்க வீட்டுல ஒருத்திகிட்ட நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?'